நடுவில் மழுங்கிய வாள்

என் கட்டைவிரல் தழும்புக்குச் சொந்தக்காரியே, என் பரீதா,

நீ போன பிறகு இரண்டு ரம்ஜான் வந்து போய்விட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள், இப்போது ஊரே படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறேன். கோபப்படாதே. உன் பெயரையும் உன் வீட்டார் பெயரையும் மாற்றிவிட்டேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. தப்புச் செய்தவள் நான்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் சல்மா நிற்கிறாள். உன் நாத்தனார் மகள், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தவள். ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போய், மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவள் என் வீடு தேடி வந்திருக்கிறாள். கையில் பேப்பரில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பிரித்தால், பொருட்காட்சியில் வாங்கிய தகர வாள்.

"மாமியோட வாள் உங்ககிட்டதான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க ஆன்ட்டி. இது தலையில நிக்கவே மாட்டேங்குது," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நீயும் நானும் தொடங்கிய அதே இடத்தில்தான் அவளும் தொடங்கியிருக்கிறாள்.

கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ கல்யாணமாகி குவைத்துக்குப் போனாய், நான் மன்னார்புரத்தில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். பிறந்து ஒரு நாள்கூட இருக்காமல் உன் குழந்தை போனதை ஏர்மெயிலில் நாலே வரியில் எழுதியிருந்தாய். மீதியை நீ திரும்பி வந்த பிறகுதான் சொன்னாய். படுக்கையை விட்டு எழுந்திருக்காத உன்னை, எதிர் ஃபிளாட்டு எகிப்துக்காரம்மா தினமும் வந்து கையைப் பிடித்துத் தூக்கி, கேசட்டைப் போட்டு, பெல்லி டான்ஸ் ஆட வைத்தாராம். "இந்த வயிறு உன்னை ஏமாத்திடுச்சுன்னு அது மேல கோவமா இருக்கே. அதோட கொஞ்சம் சமாதானம் ஆயிக்கோ," என்றாராம்.

சினிமாவில் காட்டுகிற கூத்து இல்லை அது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உன் வீட்டு மாடியறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடிக் காட்டினாயே, இடுப்பு ஒரு பக்கம் பேச, தலை அசையாமல் இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஆனால் கீழே இறங்கினால் நீ 'பாவம்.' உன் சொந்தக்காரப் பெண்கள் யாரும் உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எந்த விசேஷத்திலும் பிள்ளை பெற்றவர்கள் முன்னால் நிற்க, உன்னை மட்டும் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாவம், நீ அலைய வேணாம், உக்காரு," என்பார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாய்.

சல்மாவுக்குக் கல்யாணம் முடிவானதும் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாய். மருதாணி வைக்கிற சாயந்தரம், பெண்கள் மட்டும் கூடியிருக்கும்போது, அந்த எகிப்துக்காரம்மா ஆடுவது போலத் தலையில் வாள் வைத்து ஆடப் போவதாகச் சொன்னாய். "என்னைப் பார்த்து யாரும் பாவம்னு சொல்லாத ஒரு சாயந்தரம் வேணும்டி மேரி. ஒண்ணே ஒண்ணு போதும்."

இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

வாளுக்கு நீ போட்ட சட்டங்கள் வேறு. நகையில் கை வைக்க மாட்டாய், வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்க மாட்டாய். குவைத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு ஃபாரின் சேலையை விற்ற பணத்துக்குள் வாள் கிடைக்க வேண்டும். திருச்சியில் பெண்கள் வாள் வாங்க எந்தக் கடைக்குப் போவது? எனக்குத் தெரிந்தது ஸ்ரீரங்கத்தில் நாடகச் சாமான் வாடகைக்கும் விலைக்கும் கொடுக்கிற ஒரு கடைதான். நெற்றியில் திருமண் இட்ட பெரியவர், உன் புர்காவையும் என் சிலுவைச் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன நாடகம்மா? ராஜா வேஷத்துக்கா, சேனாதிபதிக்கா?" என்று கேட்டார்.

"ஏரோது ராஜாவுக்குங்க. சர்ச்சில கிறிஸ்துமஸ் நாடகம்," என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையே அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

நீ சும்மா இருந்தாயா? வெள்ளிப் பூச்சுப் பூசிய தகர வாளை எடுத்து, புர்காவோடு தலையில் வைத்து, கடைக்குள்ளேயே நாலு அடி நடந்தாய். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கே வாள் அரை வட்டம் திரும்பிக் கீழே விழுந்தது.

"உங்க ராஜா வாளைத் தலையிலதான் வச்சுப்பாரா?" என்று பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"கொஞ்சம் தலைக்கனம் புடிச்ச ராஜாங்க," என்றாய் நீ.

திரும்பி வரும்போது, காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியதும், சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "லேசா இருந்தா ஆகாதுடி. காலிக் குடம்தான் தலையில நிக்காது, தண்ணியோட இருந்தா நிக்கும். கனம் வேணும்."

கனத்தைத் தேடிப் பழைய பித்தளைச் சாமான் கடைக்குப் போனோம். அங்கே யாரோ ஜமீன் வீட்டு நிஜ வாள் இருந்தது. விலையைக் கேட்டு நான் நகர்ந்துவிட்டேன். நீயோ வாங்கப் போகிறவள் மாதிரி அதை ஒற்றை விரல் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தாய். பிடிப் பக்கமாகச் சாய்ந்தது. "சும்மா குடுத்தாலும் இது வேணாம். பிடி இழுக்குது, நடு இல்லை," என்று வைத்துவிட்டு வந்தாய். கடைக்காரர் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் எங்கள் ஆபீசுக்கு டீ கொண்டுவருகிற அம்மாதான். அவருடைய தம்பி தங்கராசு துவாக்குடியில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை அங்கே குவிந்து கிடந்தது. நல்ல எஃகு, கனமும் வளைவும் அதிலேயே இருந்தது, விலையும் நம் கைக்கு எட்டுகிற விலை. நீ பிரவுன் பேப்பரில் முழு நீளத்துக்கு வரைந்து கொண்டுபோனாய். தங்கராசு அதைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை வச்சு எதைங்க வெட்டப் போறீங்க?"

"எதையும் வெட்டக் கூடாதுங்க. கறிவேப்பிலைகூட அறுபடக் கூடாது. விளிம்பு மழுங்கலா இருக்கணும், அதான் முக்கியம்," என்றாய்.

அவர் செய்து கொடுத்ததை விரலில் வைத்துப் பார்த்து, பிடியில் இரண்டு ஓட்டை போடச் சொல்லி, மறுபடி பார்த்து, இன்னும் கொஞ்சம் ராவச் சொல்லி, அந்த மனுஷரைப் படாதபாடு படுத்தினாய். கடைசியில் அது உன் விரல் மேல் அசையாமல் நின்றது. முந்தானையை மடித்துத் தலையில் வைத்து அதன் மேல் வாளை வைத்தாய். ஏதோ அங்கேயே முளைத்தது போல உட்கார்ந்தது. தங்கராசு பட்டறையில் ஓடிய மெஷினை நிறுத்திவிட்டார். "பாலிஷ் போட்டு வைக்கிறேன். ஆயுத பூஜை கழிச்சு வாங்கிக்கங்க," என்றார்.

நான் தப்புச் செய்தது இந்த இடத்தில்தான்.

மருதாணி அன்று உன்னால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. நான் அரை நாள் லீவு போட்டுத் துவாக்குடிக்குப் போனேன். "விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்கிட்டு வாடி," என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாய். அங்கே போனால் ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றோடும் நம் வாளும் பூஜையில் இருந்த கோலத்திலேயே இருந்தது, சந்தனப் பொட்டும் குங்குமமும் வாடிய செவ்வந்தியுமாக. தங்கராசு அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார், நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் கண் முன்னால் அதைத் தடவிச் சோதிக்க மனம் வரவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. பேப்பரில் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டேன்.

சாயந்தர அசர் தொழுகை முடிந்து பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். உன் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் நீ வாளைத் துடைத்து, தலையில் வழுக்காமலிருக்க விளிம்பில் மெழுகு தேய்க்க உட்கார்ந்தாய். எங்கள் சர்ச்சில் விளக்கேற்றுகிற கோயில்குட்டியிடம் கேட்டு நான் வாங்கி வந்திருந்த மெழுகுவர்த்தித் துண்டு அது. ஒரு இழுப்பு இழுத்தாய். மெழுகு விளிம்பில் ஒட்டவில்லை. சீவிய தேங்காய் போலச் சுருண்டு சுருண்டு உன் மடியில் விழுந்தது.

தங்கராசு சாணை பிடித்து வைத்திருந்தார். அடுத்த வாரம் போய்க் கேட்டபோது அவருக்கு நம் மேல்தான் வருத்தம். "பூஜையில வைக்கிற ஆயுதத்தை மொட்டையா வைக்கலாமாங்க? அதான் நானே தீட்டி வச்சேன். அதுக்குக் கூலிகூட வாங்கலை," என்றார். அவரை என்ன சொல்ல முடியும்? தடவிப் பார்க்காதது நான்.

"வாள் வேணாம்டி. சும்மா ஆடு," என்று கெஞ்சினேன்.

"சும்மா ஆடினா, பாவம், மனசு சரியில்லைன்னுதான் சொல்லுவாங்க. தலையில வாள் இருக்கிறவளைப் பார்த்து யாரும் பாவம்னு சொல்ல மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, வாளைத் துணி துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போனாய்.

ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விளிம்பைக் கல்லில் போட்டுத் தேய்த்தோம். முழுவதும் தேய்க்க நேரமில்லை. "தலையில உக்கார்ற சாண் இடம் மட்டும் போதும்," என்றாய். பாதியில் என் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன், உன் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிவிட்டாய். அப்போது உள்ளேயிருந்து உன் நாத்தனாருடைய மாமியாரின் குரல் கேட்டது. "பரீதாவை எங்கே காணோம்? பாவம், எங்கேயாவது உக்காந்து அழுதுக்கிட்டிருக்கும்." நீ தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாய்.

அப்படித்தான் நடுவில் மழுங்கியும் இரண்டு பக்கமும் கூராகவும் இருக்கிற வாளைத் தலையில் வைத்துக்கொண்டு நீ கூடத்துக்குப் போனாய். நான் கதவோரம் நின்றேன். கேசட்டில் தபலாச் சத்தம் கிளம்பியது. அன்று ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு வந்து, "எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டாய். நல்லா இருந்துச்சு என்றேன். "எந்த இடம்?" என்றாய். கடைசி இடம் என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிதான்," என்று சிரித்தாய்.

பரீதா, நான் எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி வைத்ததுமே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஒரு சாண் விலகினாலும் உன் தலை கிழியும், கிழித்தது நானாக இருப்பேன் என்ற பயம். பேச்சுச் சத்தம் அடங்கியது கேட்டது. யாருடைய குழந்தையோ "அய்யோ" என்றது. வெகுநேரம் கழித்து உன் நாத்தனாரின் மாமியார் குலவையிட்டது கேட்டது. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தேன். நீ வாளைக் கையில் எடுத்திருந்தாய். அந்தப் பெரியம்மா உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சல்மாவின் உள்ளங்கையில் முதல் மருதாணியை உன்னை வைக்கச் சொன்னார். அன்று யாரும் உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

கடைசி இடம் நல்லா இருந்துச்சு என்று உன்னிடம் சொன்ன பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. கடைசிப் பத்து நாள் காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்ல வந்து, சொல்லாமல் போனேன். நீதான் சொன்னாய்: "வாளை நீயே வச்சுக்கடி மேரி. ஒரு நாள் நல்லாப் பாரு." வாளைப் பார்க்கச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துச் சல்மாவிடம் கொடுத்தேன். முதலில் நடுவிலிருக்கிற சாண் இடத்தை என் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு விரலில் குறுக்கே வைத்துக் காட்டினேன், நின்றது. தலையில் துணியை மடித்து அவள் அதை வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த காலண்டரையே பார்த்தபடி மெதுவாக நடந்தாள். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தவள்தான், ஆனால் இப்போது நின்றுகொண்டு பார்த்தாள். எதற்கு அதையே பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"மாமி சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. தலை அசையாம இருக்கணும்னா கண்ணு ஒரே இடத்துல நிக்கணுமாம். என் மருதாணியன்னிக்கு மாமி ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் உங்க முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தாங்களாம். அதனாலதான் விழலைன்னாங்க."

அப்படியென்றால் நீ பார்த்திருக்கிறாய். மூடிய என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் முழு ஆட்டத்தையும் ஆடியிருக்கிறாய். எனக்குப் பதிலாக ஒரு ஜன்னலையோ விளக்கையோ பார்த்திருக்கலாமே, ஏன் மாற்றிக்கொள்ளவில்லை? ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் அங்கேயே உன் காலைப் பிடித்து அழுதிருப்பேன்.

சல்மாவின் தங்கைக்கு அடுத்த மாதம் மருதாணி. சல்மா ஆடப் போகிறாள். அதே கதவோரத்தில் நான் நிற்க வேண்டுமாம், என் முகத்தைத்தான் பார்க்கப் போகிறாளாம். வேறு ஆளைப் பார் என்பது வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வாள் நின்றாலும் விழுந்தாலும் நான் பார்ப்பேன். எந்த இடம் நன்றாக இருந்தது என்று அவள் கேட்டால், பார்த்ததைச் சொல்வேன். ஜெபமாலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
லூர்து மேரி