வேதகிரி கொடுத்த தந்தி

29 ஜூலை 1983, வெள்ளி

ரேடியோவில் இலங்கைச் செய்தி: கலவரம், விசாரணையின்றிச் சிறையில் அடைத்த தமிழர்கள் கொலை. மாலையில் ரைஸ் மில் வேதகிரி வந்தார். ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டில் கண்டனக் கூட்டம், தலைமை அவர். டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கு அவர் பெயரில் ஒரு தந்தி வேண்டுமாம்.

"மனித உரிமைன்னு நாலு எடத்துல வரட்டும் டீச்சரம்மா. பேப்பர்ல போடுவான்."

இங்கிலீஷில் எழுதினேன். 'விசாரணையின்றி எவரையும் அடைத்துவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.' கைக்கு வந்தது, மனசு ஒட்டவில்லை. காஞ்சிபுரம் கல்லூரியில் அரசியல் வகுப்பில் வருஷாவருஷம் நான் சொல்வதுதானே: வேண்டாத நாடென்றால் மனித உரிமை, வேண்டிய நாடென்றால் உள்நாட்டு விவகாரம்.

30 ஜூலை

ஏரிக்கரைக் குடிசையிலிருந்து விறகு கொண்டுவரும் பொன்னியம்மாள் அழுதபடி நின்றாள். மில்லில் நெல் மூட்டை குறைந்ததாம். அங்கே மூட்டை தூக்கும் அவள் புருஷன் ஆண்டியைக் கிடங்கில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். யார்? வேதகிரிதான். இவள் பலமுறை போய் நின்றும் திறக்கவில்லையாம்.

தந்தியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஏன் காட்டினேன்? கசப்புதான்.

"இத்த அனுப்புனா அங்க தொறந்து வுட்டுடுவாங்களா?"

"டெல்லிக்கு லாபம் இருந்தாத்தான் கேக்கும்."

கண்ணைத் துடைத்தாள். "அப்ப நம்ம மில்லுக்காரருக்கு இன்னா லாபம் வேணுமாம்?"

பேப்பரில் பேர். வேறென்ன?

31 ஜூலை

காலையில் மில்லுக்குப் போனேன். தந்தியைக் கூட்டத்தில் நானே தமிழில் படிக்கிறேன், பொன்னியம்மாள் முன்வரிசையில் இருப்பாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாற்பத்தொன்பது வயதில் முதல் மிரட்டல்.

வேதகிரி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "படிச்சவங்க மெரட்டறதுகூட மரியாதையாத்தான் கீது."

சாவியை எடுத்தார். மேடையில் இந்தப் பேச்சு வரக்கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன். நாடுகள் செய்வதைத்தான் நானும் செய்தேன் — வெட்கமாக இல்லையா?

ஆண்டி வெளியே வந்தான். முகம் வீங்கியிருந்தது. வெயிலுக்குக் கண் கூச, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இல்லை. வெட்கமாக இல்லை.

19 ஆகஸ்ட்

டெல்லியிலிருந்து பதில்: தந்தி கிடைத்தது. அவ்வளவே. வேதகிரி அதைச் சட்டம் போட்டு மில்லில் மாட்டப்போகிறாராம்.

விறகு இறக்கிய பொன்னியம்மாளிடம் சொன்னேன்.

"அங்க தொறந்து வுட்டாங்களா?"

"தெரியல."

"நான் மில்லாண்ட எத்தினி வாட்டி போய் நின்னேன்? இன்னொரு வாட்டி கேளுங்கம்மா."

கேட்டால் ஆகுமா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் தபால் ஆபீசுக்குப் போய் இரண்டாவது தந்தி கொடுத்தேன். இம்முறை என் பெயரில்.