ஜாக்கியை ஏற்றச் சொன்னவனுக்கு

மாமு,

இன்று காலை ஷெட்டில் ஒரு வேன். இறக்கி வேலை பார்த்த இஞ்சினை மறுபடி ஏற்றிவிட்டு, கியர்பாக்ஸைத் தள்ளி அதோடு சேர்த்துக்கொண்டிருந்தோம். முக்கால்வாசி தூரம் நல்ல பிள்ளையாக வந்தது. கடைசியில் ஒரு விரல் அகலம் மிச்சம் வைத்து நின்றுவிட்டது. தள்ளினாலும் வரவில்லை, ஆட்டினாலும் வரவில்லை. அந்த இடுக்கிலிருந்து கிளட்ச் தூளும் பழைய கியர் ஆயிலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நாலு போல்ட்ட போட்டு இறுக்குனா தன்னால உள்ள பூடும்ல நைனா?" என்றான் வேன்காரன்.

"பூடும்டா. கூடவே போல்ட்டு மாட்ற கியர்பாக்ஸ் காதும் ஒடஞ்சி பூடும். நீ போய் டீ குடி, போ!"

பாவம், நல்ல பையன்தான். கத்தியிருக்க வேண்டாம். இத்தனை வயதாகியும் என் வாய் அடங்கவில்லை. நீ இருந்திருந்தால் கீழே படுத்தபடியே சிரித்திருப்பாய்.

காசிமேட்டு மீன் வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். வேறொரு வண்டியில் கழற்றிய இஞ்சினை வாங்கி வந்து மாட்டச் சொல்லியிருந்தார்கள். அப்போது நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நீ துபாய்க்கு மெக்கானிக் வேலைக்கு எழுதிப் போட்டதும், அடுத்த வாரம் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்து காட்ட வேண்டும் என்பதும் நம் ஷெட் இருந்த சாத்தாங்காடு முழுக்கத் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. டீக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எரிந்துபோனது எனக்கு.

"ரெண்டு பேரும் சேந்துதான ஷெட்டு தொறந்தோம்? இப்ப என்னிய உட்டுட்டு பூடுவியா?"

"புள்ளைங்கள படிக்க வெக்கணும் மாமு. எப்டி சொல்றதுன்னு தெர்ல."

"போ, போய்த் தொல!" என்றேன். அதோடு நீயும் வாயை மூடிக்கொண்டாய், நானும் மூடிக்கொண்டேன்.

வெட்கக்கேடு. ரெண்டு தடிமாடுகள், புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஒரே வண்டியில் வேலை செய்தோம். சாதாரணமாக, கீழே இருப்பவன் "கை வெளியே!" என்று கத்தினால்தான் முன்னால் நிற்பவன் பல் பொருந்துவதற்காக இஞ்சினைக் கையால் சுற்றிக் கொடுப்பான். அன்று அந்தக் கத்தலும் இல்லை. நீ ஸ்பானரால் சேசிஸைத் தட்டினாய், நான் சுற்றினேன். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. தட்டுவது நீயா, பக்கத்து இரும்புக் கடையா என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து கேட்க மட்டும் மனசு வரவில்லை.

அன்றும் இதே ஒரு விரல் இடைவெளிதான். எங்கே இடிக்கிறது என்று பார்க்க, நீ கீழ்ப்பக்கமாக வலது கை விரல்களை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருந்தாய். நான் முன்னால் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. குரல் வந்தது.

"மாமு."

அத்தனை நாள் கழித்து முதல் வார்த்தை. நீ கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"கை மாட்டிக்கிச்சு."

குனிந்து பார்த்தேன். கியர்பாக்ஸின் வாலைத் தாங்கிய ஜாக்கி ஆயில் கசிந்து தானாகவே இறங்கியிருந்தது. வால் தாழ்ந்ததில் முன்பக்கம் கியர்பாக்ஸ் வாயின் கீழ் உதடு இஞ்சினோடு போய் ஒட்டிக்கொண்டு, உன் விரல்களைக் கடித்துப் பிடித்திருந்தது. அதற்குள் இரும்புக் கடை அண்ணாச்சியும் அவருடைய லோடுமேன்களும் ஓடி வந்துவிட்டார்கள்.

"ஜாக்கிய எறக்குங்கடே! வெயிட்ட கொறைங்க!" என்று அண்ணாச்சி அலறினார். ஒருவன் ஜாக்கியை இறக்கும் திருகில் கையே வைத்துவிட்டான். என் கையும் அங்கேதான் போனது. நசுக்குகிறதென்றால் இறக்கத்தானே எவனுக்கும் தோன்றும்?

"எவனும் தொடாத!" என்று அப்போதுதான் நீ கத்தினாய். "எல்லாம் நவுருங்க. மாமு, நீ வா. ஏத்து. எறக்கிடாத, ஏத்து!"

வாலை இன்னும் இறக்கினால் கீழ் உதடு இன்னும் மூடும். ஏற்றினால்தான் திறக்கும். நமக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரத்தில் என் மூளை மரத்துவிட்டது. நீ சொல்லித்தான் புரிந்தது.

ஜாக்கியின் கம்பியைப் பிடித்தேன். கசிகிற ஜாக்கி, எப்போது வேண்டுமானாலும் பொத்தென்று உட்காரும். உட்கார்ந்தால் உன் விரல்கள் போய்விடும். விரல்கள் போனால் நீ துபாய் போக முடியாது. இது என் மனதில் ஓடியது, மாமு. உன் மனதிலும் ஓடியிருக்கும். நீ போகக் கூடாது என்று சண்டை போட்டவனின் கையில்தான் அந்தக் கம்பி இருந்தது. நீ உன் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அத்தனை பேரையும் விலக்கிவிட்டு என்னைத்தான் கூப்பிட்டாய்.

ஒரு அழுத்து. ஏறியது, உடனே கொஞ்சம் இறங்கியது. நீ கண்ணை இறுக்க மூடினாய். அண்ணாச்சி முருகனைக் கூப்பிட்டார். இன்னொரு அழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. உதடு திறந்தது. கையை உருவிக்கொண்டாய்.

ரத்தம் கொட்டியது. ஆனால் விரல்கள் எல்லாம் மடங்கின, நீண்டன. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"இன்னாடா இது, மாட்னது என் கை, நீ இன்னாத்துக்கு அயுவுற?" என்றாய். வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "உள்ள ரெண்டு பின்னு கீது மாமு. இஞ்சின்ல ஒன்னு, பாக்ஸ்ல ஒன்னு. ஒன்னோட ஒன்னு முட்டிக்கினு நிக்கிது, நம்ம ரெண்டு பேரும் மாரி. ஒன்ன கயட்டு, தன்னால சேரும்."

இரண்டையும் நேராக உட்கார வைக்கும் பின் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும்; வாங்கி வந்த இஞ்சின் தன் பின்னோடு வந்திருக்கிறது. நம் கியர்பாக்ஸிலும் பழைய பின் இருந்திருக்கிறது. வாய் திறந்து பேசிக்கொண்டு வேலை செய்திருந்தால் யாராவது ஒருவர் முதலிலேயே கேட்டிருப்போம்.

எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். காயம் ஆறியும் ஆறாமலும் இருந்த கையோடு ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்து காட்டித் தேறினாய். உன் பெட்டியை விமான நிலையம் வரை நான்தான் தூக்கி வந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வாய். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்தார்கள். போன வருஷம் அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை.

இன்றைய வேனில் பின் தகராறு இல்லை. கிளட்ச் பிளேட் நடுவிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தது. இப்போது என்னோடு கூட்டாக இருக்கும் எண்ணூர் தாஸ் கீழே இருந்தான். "கை வெளியே, கை வெளியே" என்று நானே தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் இழுத்து, பிளேட்டை நடுவில் நிறுத்தித் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

துபாயிலிருந்து வந்த உன்னை ராயபுரம் சர்ச்சில் வைத்துச் சவப்பெட்டியைத் திறந்தபோது எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அன்று ஜாக்கியை இறக்கியிருந்தால் நீ எங்கேயும் போயிருக்க மாட்டாய், விரல் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாய் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, இதுவும் ஒரு நினைப்பா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அது போகவில்லை. இன்று வரை சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

இன்னொரு தடவை நீ கீழே கிடந்து கூப்பிட்டாலும் ஏற்றத்தான் செய்வேன், மாமு. நீ போய்விடுவாய் என்று தெரிந்தேதான் ஏற்றுவேன்.