அணிகள் சந்திக்கக் கூடாது

ஏப்ரல் 13

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன். பயிற்சிக்கு வருபவர்களுக்காக விமான நிலையம் கட்டிய விடுதி இது. இப்போது பயிற்சியும் இல்லை, ஆளும் இல்லை. மாடி முழுக்க நான் ஒருத்திதான். ஒரு கட்டில், ஒரு மேசை, வெந்நீர் வைக்க ஒரு கெட்டில். ஜன்னலைத் திறந்தால் நிறுத்திவைத்த விமானங்களின் வால்கள். எஞ்சின் வாய்க்கெல்லாம் சிவப்பு உறை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நிறுத்த இடம் போதாமல் பக்கத்து ஓடுபாதையிலும் வரிசையாக நிற்கின்றன.

ஏன் இங்கே இருக்கிறேன் என்று எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்க்கிறவர்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் ஓர் அணி, மறு வாரம் இன்னோர் அணி. இரண்டும் சந்திக்கவே கூடாது. ஓர் அணிக்குத் தொற்று வந்தால் மற்றது கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் படுத்துவிட்டால் விமான நிலையத்தையே மூட வேண்டியதுதான்; மருந்து விமானம்கூட இறங்க முடியாது. அணிக்கு ஒருவராவது மேற்பார்வை உரிமம் உள்ளவர் வேண்டும். இப்போதைக்கு அது இருப்பது இரண்டே பேருக்கு. ஒன்று நான். இன்னொன்று இவர்.

மேலதிகாரி தலையைச் சொறிந்தார். “புருஷன் பொண்டாட்டின்னு தெரியும்மா. வேற வழி இருந்தா நீயே சொல்லு.”

வழி இல்லை. எங்கள் பெண் குட்டியோடு ஒருவர் வீட்டில், ஒருவர் வெளியே. யார் என்ற பேச்சு எழுவதற்குள், “நான் போறேன்” என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன்?

ஏப்ரல் 15

நாத்தனார் போன் செய்தார். மேல்வீடுதான், இவர் டியூட்டிக்குப் போகும் வாரம் குட்டியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

“எந்த அம்மாடி இப்படிப் பெட்டியக் கட்டிட்டுக் கெளம்புவா? சரி, உடனே மூக்க உறிஞ்சாத. நான் பாத்துக்கறேன். உம் புருஷன் இன்னிக்கு அதுக்குத் தலை பின்னிவிட்டான். பாக்கச் சகிக்கல, எலி கடிச்ச கயிறு மாதிரி இருக்கு.”

சிரித்தேன். போனை வைத்த பிறகு அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். உண்மையைச் சொன்னால், வந்த புதிதில் இந்த அமைதி பிடித்துத்தான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, எதையும் தேடித் தரச் சொல்லவில்லை. இப்போது அதே அமைதி பிடுங்கித் தின்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

ஏப்ரல் 20

எங்கள் வாரம். வேலை நாள் என்று பேர்தான். காலையிலிருந்து ஒரே ஒரு சரக்கு விமானம். மூச்சுவிட நேரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்ட இடத்தில், அந்த ஒன்றுக்காக ஆறு பேர் ஜன்னலோரம் நின்றோம். இறங்க அனுமதி கொடுத்தது நான்தான். எல்லாம் சரியாகச் சொன்னேனா என்று பதிவை ஓடவிட்டுக் கேட்டேன். சரிதான். இன்னொரு முறையும் கேட்டேன்.

என்னோடு ஒன்றாகப் பயிற்சி முடித்தவன் ஒருவன் எங்கள் அணியில் இருக்கிறான். வாய் ஓயாது, அதனால் எல்லோருக்கும் அவன் எஃப்.எம். “கவலப்படாத, சைக்கிள் ஓட்டற மாதிரிதான், மறக்காது” என்றான். “ஆனா எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது” என்று அவனே முடித்தான். இந்த வாரம் நான் சிரித்ததெல்லாம் இவன் புண்ணியத்தில்தான்.

மே 2

குட்டி போனில்: “நீ அங்க என்னம்மா பண்ற? மேல பிளேனே போகலையே.”

மே 21

கோபுரத்துக்குப் போகும் வழியில் புறப்பாட்டுக் கூடத்தைக் கடக்க வேண்டும். இன்று ஒரு விமான நிறுவனம் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தது. பணிப்பெண்கள் இடைவெளி விட்டு வரிசையில் நின்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி அட்டையைக் கொடுத்துவிட்டு, கழுத்தில் கயிறு இன்னும் கிடக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கு வேலை இருக்கிறது. அதைச் சொல்லிப் பெருமூச்சுவிடவும் கூச்சமாக இருந்தது.

பெட்டி ஏற்றும் லோடர் ஒருவருக்குத் தொற்று. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் வீட்டுக்காரர் சாமானை வாசலில் எடுத்து வைத்துவிட்டாராம். கோபுரத்தில் இன்று பூராவும் இதே பேச்சு.

மே 27

அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்த மூத்த அதிகாரி வேலைக்குத் திரும்புகிறார். அவருக்கும் மேற்பார்வை உரிமம் உண்டு. அவர் எங்கள் அணியை எடுத்துக்கொள்வார்; நான் இவருடைய அணிக்கு மாறுகிறேன். அப்படியென்றால் வீட்டிலேயே இருக்கலாம்! ஜூன் 8, திங்கட்கிழமை.

குட்டியிடம் சொன்னதும் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். “அத்தே! அம்மா திங்கக்கிழமை!” என்று மாடிப்படியில் கத்திக்கொண்டே போவது எனக்குக் கேட்டது.

ஜூன் 6

எங்கள் வாரத்தின் கடைசி நாள். எஃப்.எம். பேசவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. மதியம்தான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து அவன் வாயிலிருந்து வேலையைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை என்று. காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். “என்ன இது, வெறும் தண்ணி மாதிரி இருக்கு?” எனக்கு அது காபியாகத்தான் இருந்தது.

படிக்கட்டில் தனியாகப் பிடித்தேன். “காய்ச்சலா?”

“நேத்து லேசாச் சுட்டுச்சு. மாத்திரை போட்டேன், போயிருச்சு.”

“அதான் வாசல்ல காய்ச்சல் பாக்கற கருவி காட்டலையா? டேய்—”

“கத்தாத. நாளையிலேர்ந்து நமக்கு லீவு வாரம்தானே? வீட்லயே படுத்துக்கறேன். வெளிய தெரிஞ்சா கதவுல ‘தொற்று’ன்னு தாள் ஒட்டிருவாங்க. அந்த லோடருக்கு என்ன ஆச்சுன்னு பாத்தல்ல? எனக்கு ரெண்டு பசங்க. எங்க போவேன்?”

படி இறங்கப் போனவன் திரும்பினான். “உனக்கும் திங்கக்கிழமை வீட்டுக்குப் போகணும்ல?”

அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 7

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். காய்ச்சல் என்று சொன்னால்தான் இங்கே பரிசோதனையே செய்கிறார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை வெறும் சளியோ என்னவோ. ஒருவேளை இல்லையென்றால்? நாளை வீட்டுக்குப் போகிறேன், குட்டி கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், இவர் அடுத்த நாள் கோபுரம் ஏறுகிறார். இரண்டு அணியும் முடிந்தது கதை.

ஏதாவது சாக்குச் சொல்லி நான் மட்டும் போகாமல் இருந்துவிட்டால்? மற்ற நான்கு பேர் என்ன ஆவார்கள்? அணியில் சின்னவள், நிறைமாதக் கர்ப்பமாயிருக்கும் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டாமா?

எஃப்.எம்மைக் கூப்பிட்டேன். “நீயே சொல்லிடு. அதான் உனக்கும் மரியாதை. மத்தியானம் வரைக்கும் பாக்கறேன்.” போனை வைத்துவிட்டான். மதியம் அடித்தால் போன் அணைந்திருந்தது.

மேலதிகாரிக்குச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்துவிட்டு அறையைப் பெருக்கினேன். என்ன பண்ணிட்டேன் நான்?

பிறகு இவருக்கு. “சரிதான் பண்ணின” என்றார். அப்புறம், “குட்டிகிட்ட யாரு சொல்றது?”

நான்தான் சொன்னேன்.

ஜூன் 8

திங்கட்கிழமை. குட்டி போனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் அவள் குரல் மட்டும்: “அவங்க சொன்ன திங்கக்கிழமை இன்னியோட முடிஞ்சு போச்சு.” அவங்க. என்னையா?

ஜூன் 9

எஃப்.எம்முக்குத் தொற்று உறுதி. எங்கள் அணி மொத்தமும் தனிமையில். அந்த மூத்த அதிகாரியை இவருடைய அணியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஓர் அணி இனி வார விடுப்பே இல்லாமல் ஓட வேண்டும். அதனால் தினமும் மாலையோடு விமான நிலையத்தை மூடுகிறார்கள். போன வாரம்தான் பயணிகள் விமானம் தொடங்கியிருந்தது. இன்று மாலை வர வேண்டிய விமானம், வெளிநாட்டில் வேலை போய் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றி வர இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே பெட்டியோடு வந்து உட்கார்ந்தவர்களிடம் கவுன்ட்டரில் யார் சொல்லியிருப்பார்கள்? அந்த ஆள் என்ன பேச்சு வாங்கியிருப்பான்?

மதியம் எஃப்.எம்மின் மனைவி பேசினார். அவர் கையால் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்.

“உங்க பொண்ணப் பாக்க அவ்வளவு அவசரமாக்கா? நீங்க சுத்தமாப் போகணும்னு இவரக் காட்டிக் குடுத்துட்டீங்க. வீட்டு வாசல்ல வந்து பாருங்க, தெருவே நின்னு பாக்குது.”

நான் வீட்டுக்குப் போகவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டார்.

ஜூன் 13

எனக்கும்தான். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. சோப்பை மூக்கிலேயே வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அணியில் மூன்று பேருக்கு. சின்னவளுக்கு இல்லை. அவள் அக்காவுக்கும் இல்லை.

போயிருந்தால்? படுத்துக்கொண்டு அதையே நினைக்கிறேன். நினைத்துவிட்டு, எஃப்.எம். வீட்டு வாசலை நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் குறைக்கும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜூன் 19

எஃப்.எம்மை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். மேலதிகாரிதான் சொன்னார். நான் யாரைக் கேட்பது?

இவர் பேசும்போதே தூங்கிவிழுகிறார். “வீட்ல சோபாவுல உக்காந்து, ‘இறங்கலாம்’னு சொன்னேனாம். அக்கா சொல்லிச் சிரிக்கறா.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அணியில் ஒருவருக்கு லேசாகத் தலை சுற்றினாலும் அவ்வளவுதான்.

ஜூன் 22

மருந்து விமானம் இறங்கியது. ஜன்னலில் நின்று, அது நின்று அடங்கும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.

ஜூன் 30

எஃப்.எம்முக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

ஜூலை 3

வீடு.

குட்டி நாத்தனாரின் பின்னால் நின்றுகொண்டு பார்த்தாள். வளர்ந்திருக்கிறாள். “போடி, அம்மாகிட்ட போ” என்று நாத்தனார் தள்ளினார். வரவில்லை. சாப்பிடும்போது எனக்கு எதிரே உட்கார்ந்தாள், பக்கத்தில் இல்லை. இவர் அவள் தலையைப் பின்னிவிட்டார், அழுத்தமாக, நேராக. நான் சீப்பை எடுத்துக்கொடுத்தேன்.

ஜூலை 9

இப்போது நேர் எதிர். கண்ணை விட்டு அகல விடமாட்டேன் என்கிறாள். குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, “இருக்கியா?” “இருக்கேன்டி.” “இருக்கியா?” இன்று முதல் டியூட்டி. செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள். கண்டுபிடித்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. “நீ சாயங்காலம் வருவேன்னுதான் அப்பவும் சொன்ன!” அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். இவர் அவளைப் பிரித்துத் தூக்கிக்கொள்ள, நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன். கோபுரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வேண்டியிருந்தது.

ஜூலை 28

எஃப்.எம். வேலைக்கு வந்துவிட்டான். அணிகளைக் கலைத்துச் சேர்த்ததில் என் பக்கத்து இருக்கை. குரல் அடியோடு மாறிவிட்டது, கரகரவென்று. அவன் பயந்தபடியே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வேறு வீடு பார்த்துப் போயிருக்கிறார்கள், பையன்களின் பள்ளிக்கூடத்துக்கு வெகு தூரம்.

“எப்படி இருக்க?” என்று கேட்டேன்.

“பத்து மைல்ல ஒண்ணு வருது, பாரு” என்றான்.

பார்த்தேன். இறக்கினேன். ஷிஃப்ட் முடியும்வரை வேலையைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. மறுபடி இப்படி ஒன்று நடந்தால் மறுபடியும் சொல்லத்தான் செய்வேன். அவனுக்கும் அது தெரியும். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லையோ?

ஆகஸ்ட் 5

சின்னவளின் அக்காவுக்குப் பெண் குழந்தை. கோபுரத்தில் சாக்லேட் கொடுத்தாள். எஃப்.எம். இரண்டு எடுத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19

காலையில் மூன்று விமானம் ஒரே சமயத்தில் வரிசைக்கு வந்தன. எவ்வளவு நாளாயிற்று, ஒன்றிடம் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லி! ஒரு விமானி “ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்க குரல்” என்றார். எஃப்.எம். தன் காபியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

எழுத வந்தது அதுவல்ல.

வீட்டிலிருந்து கிளம்பும்போது குட்டி தரையில் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். செருப்பை மாட்டினேன். பையை எடுத்தேன். வேண்டுமென்றே சாவியைத் தேடுகிற மாதிரி கொஞ்சம் நின்றேன். “அம்மா கெளம்பறேன்” என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. “ம்” என்றாள். பிறகு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டே, “கதவச் சாத்திட்டுப் போம்மா, பேப்பர் பறக்குது.”

சாத்திவிட்டு வந்தேன்.