பாடப்புத்தகத்தில் ஒட்டிய சீட்டு

திங்கட்கிழமை

அன்புள்ள எல்டனுக்கு,

இன்று வக்கீல் அலுவலகத்தில் நடந்த முன்விசாரணையில் இருந்தவர்கள்: நம் பள்ளிக் குழுவின் வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், உயிரியல் டீச்சர் லோரெட்டா, குழு உறுப்பினராக நான். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. 'பரிணாமம் வெறும் ஊகமே' என்ற சீட்டை 412 உயிரியல் புத்தகங்களில் எங்கே வைத்து ஒட்டினீர்கள் என்று கேட்டார்கள். என் நோட்டைப் பார்த்து வாசித்தேன்: புதன்கிழமை, சபைக் கூடம், ஜெபத்துக்குப் பின்.

நம் வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அந்த நோட்ட வீட்லயே வச்சிட்டு வரக் கூடாதாம்மா? அரசுப் பள்ளியில மதம் கூடாதுங்கிறது சட்டம். நாம அதக் கொண்டுவரலன்னுதான நான் வாதாடிட்டிருக்கேன்."

வழக்குப் போட்ட லோரெட்டாதானே நம் மகளுக்கு ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் சொல்லித் தருகிறாள்? நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள். "ஆதியாகமத்த நான் சபையில சொல்லித் தர்றது பத்தலையா, நோரீன்?" என்றாள். ஸ்வெட்டரின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நீதிபதி முன் வேதாகமத்தில் கைவைத்து, எதற்காக ஒட்டினோம் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் நாம் தோற்போம். கர்த்தருக்காகச் செய்ததை அவருக்காக இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வழக்குக்காகத் தங்கியிருக்கும் இந்த விடுதியில் கேட்க ஆளில்லை.

என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள். வெள்ளிக்கு முன் பதில் வேண்டும்.

உங்கள் நோரீன்