நாலு சக்கர வீட்டுக்குக் கணபதி ஹோமம்

ஆகஸ்ட் 19

காரவன் வண்டியின் தரை இன்று உடைந்தது. உடைத்தவர் என் கணவர் பஞ்சாபகேசன். (நேரில் 'ஏன்னா'. இந்த டைரியில் பஞ்சு.)

படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு, "சுப்பு, இந்த இடம் கொஞ்சம் மெத்துனு இருக்கே" என்று குதித்துப் பார்த்தார். மெத்தென்று இருக்கிற இடத்தில் யாராவது குதிப்பார்களா? ஒரு கால் வண்டிக்குள், ஒரு கால் ஸ்ரீவராகம் தெருவில். நான் வெளியே ஓடிவந்து குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் செருப்புப் போட்ட கால் ஒன்று தனியாக நின்றுகொண்டிருக்கிறது.

எதிர்வீட்டு மங்கலம் மாமி கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். "ஏண்டி, மோட்டாருக்குக் கால் முளைச்சிருக்கே! இனிமே நடந்தே போயிடுமோ?"

காலில் சிராய்ப்பு. மானத்தில் பலத்த அடி.

ஆகஸ்ட் 20

பழியைப் பஞ்சு மேல் போடக் கூடாது. வாங்கியது நான்தான். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் காரவன். முதலாளி தொழிலை மூடிவிட்டதால் சில மழைக்காலங்களாக வெட்டவெளியில் கிடந்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பல்புகள். அந்தக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு ஐம்பத்தொன்பது வயது என்று தெரியவே இல்லை. அங்கேயே பேரம் படிந்துவிட்டது. ரசம் உரிந்துபோன கண்ணாடி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

உண்மைக் காரணம் வேறு. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு இருப்பது புண்ணியம் என்பார்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், பம்பாய் — சொந்தத்தில் யார் பத்மநாபனைப் பார்க்க வந்தாலும் படுக்கை எங்கள் கூடத்தில். ஐப்பசி உற்சவம் வந்தால் கால் வைக்க இடமிருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ஐப்பசிக்குக்கூட நான் காபி ஃபில்டரை விட்டு நகர்ந்ததில்லை. மாறுதலுக்கு வெளியூர் போனாலும் தங்குவது உறவினர் வீடு. அங்கே, "சுப்பு வந்திருக்கா, இன்னிக்கு அவ கைக் காபி!"

யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும். பொன்முடி மலைமேல். இந்த ஐப்பசி உற்சவத்தின்போதே.

பஞ்சுவின் தீர்ப்பு: "உற்சவத்துக்குள்ள ஒழுகாம நின்னா போலாம். இல்லேன்னா ஆக்ரிக்காரனுக்குப் போட்டுடலாம்."

பழைய இரும்புக்காரனாம். நாவைக் கடித்துக்கொண்டேன். என்னுடையதைத்தான்.

செப்டம்பர் 2

பட்டறைக்கார ஆன்சன் வந்தான். மார்த்தாண்டத்துக்காரன், கரமனையில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவன் முகத்தோடு எழுந்தான்.

"அக்கா, தரையைத் தாங்குற சட்டம் எல்லாம் துரு தின்னுட்டு. இத்தற நாளும் இது நின்னது விரிப்புக்க பலத்துலயாக்கும்."

"ஒழுகறதே, அது?"

"அது ஜன்னலு ரப்பர். எனக்க கைல விட்டா பின்ன ஒரு சொட்டு வெள்ளம் உள்ள கேறாது. பேடிக்காண்டாம்."

செப்டம்பர் 15

புது இரும்புச் சட்டங்கள் வைத்து, தண்ணீர் தாங்கும் பலகை அடித்தாகிவிட்டது. பழைய விரிப்பை உரித்தபோது அடியில் கொண்டை ஊசிகள், ஒரு முத்துத் தோடு (போலி), ஓர் ஒட்டு மீசை. பஞ்சு மீசையை வைத்துக்கொண்டு சாலை மார்க்கெட்டுக்குப் போகப் பார்த்தார். தடுத்தேன். அவர் போன பிறகு நான் வைத்துப் பார்த்தேன். அவரைவிட எனக்குத்தான் பொருந்துகிறது.

செப்டம்பர் 21

மழை. ஒழுகியது.

செப்டம்பர் 28

ஜன்னல் ரப்பர் மாற்றினான். ஒழுகியது. "அந்த ரப்பர் டூப்ளிகேட்டு அக்கா" என்று இன்னொன்று மாற்றினான். அதுவும் ஒழுகியது. நான் வேலை பார்த்தது தண்ணீர் விநியோகிக்கும் அலுவலகத்தில். 'ஏன் தண்ணி வரல்லே' என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓய்வு பெறும்வரை பதில் சொன்னவள். 'ஏன் தண்ணி வருது' என்ற கேள்விக்கு மட்டும் எனக்குப் பயிற்சியே இல்லை.

இன்று பஞ்சு ஏணியில் ஏறி ஹோஸ் பிடித்தார். நான் உள்ளே உட்கார்ந்து எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜன்னல் ஓரம்தான் சொட்டியது. ரப்பரோ பசையாக ஒட்டியிருக்கிறது. பிறகு எப்படி? யோசிப்பதற்குள் வெளியே அலறல். மங்கலம் மாமி வெயிலில் வைத்த அப்பளம் முழுக்க ஹோஸ் தண்ணீர்.

பெங்களூரிலிருந்து பிள்ளை வினய் போன் பண்ணினான். "எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? நல்ல ஹோம்ஸ்டே ஒண்ணு புக் பண்ணித் தரேன்."

"ஹோம்ஸ்டேதான்டா நான் கல்யாணமான நாள்லேர்ந்து நடத்திண்டிருக்கேன்" என்றேன்.

அக்டோபர் 6

தெருச் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள் — கொடியேற்றத்துக்கு முன்னால் வண்டி தெருவை விட்டுப் போக வேண்டும். அப்பளம் வேலை செய்திருக்கிறது.

இது கூடப் பரவாயில்லை. பஞ்சு எனக்குத் தெரியாமல் ஆக்ரிக்காரனுக்குப் போன் பண்ணியிருக்கார். என்ன மனுஷன்! கேட்டா, "வெலதான் கேட்டேன் சுப்பு" ங்கறார். வெல கேக்கறவர் எதுக்கு மாடிக்குப் போய்ப் பேசணும்? ஒரே ஒரு ராத்திரி கேட்டேன். அதுகூட எனக்குக் கெடையாதா? இந்த ஜன்மம் பூரா டிகாக்ஷன்தானா?

அழவில்லை. கண்ணில் ஜன்னலுக்குப் பூசுகிற சீலண்ட் பட்டுவிட்டது.

அக்டோபர் 9

பஞ்சு என் முகத்தை இரண்டு நாள் பார்த்தார். பிறகு அவரே, "கணபதியைக் கேக்காம ஆரம்பிச்சுட்டோம். அதான் கோளாறு. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சுப் பாத்துடலாம்" என்றார்.

"எலுமிச்சம்பழம் வண்டிக்கு. இது வீடாக்கும்" என்றேன் நான். சண்டை. தீர்ப்புச் சொல்ல சாய் வாத்தியாரைக் கூப்பிட்டோம். எம்.பி.ஏ. படித்தவர், லாப்டாப் பையில் தர்ப்பை கொண்டுவருவார்.

"மாமி, உள்ள அடுப்பு இருக்கோ?"

"இருக்கு."

"படுக்கை?"

"இருக்கு."

"அப்போ க்ருஹம்தான். உள்ளேயே கணபதி ஹோமம் பண்ணிடலாம். மாமா பழவங்காடியில தேங்காயை ஒடைச்சுக்கட்டும். ரெண்டு டிபார்ட்மென்டும் க்ளியர்."

அக்டோபர் 12

புதுத் தரையில் தகரத் தட்டு, அதன்மேல் செங்கல், மணல், ஹோம குண்டம். காற்று வந்து தீயை அணைத்துக்கொண்டே இருந்தது. "எல்லாத்தையும் சாத்துங்கோ" என்றார் வாத்தியார். ஜன்னல், கதவு, கூரை மூடி எல்லாம் சாத்தினோம். படித்தவர்கள் மூன்று பேர் உள்ளே இருந்தோம். யோசித்தவர் ஒருவரும் இல்லை.

முதல் தேங்காய்த் துண்டு நெய்யோடு விழுந்ததும் பஞ்சு எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் வாத்தியார் தெரியவில்லை. மந்திரம் மட்டும் கேட்டது, பிறகு இருமல் மட்டும் கேட்டது. பூர்ணாஹுதியை முடித்தாரோ முழுங்கினாரோ, மூன்று பேரும் வெளியே பாய்ந்து கதவை அறைந்து சாத்தினோம்.

"ஐயோ, தீ!" மங்கலம் மாமி வாளியோடு ஓடிவந்து வீசினாள். தண்ணீர் முழுவதும் சாய் வாத்தியார் மேல்.

"தீ இல்லே மாமி, ஹோமம்!"

"பின்னே மோட்டாருக்கு உச்சியில எதுக்குடி பொகையறது?"

எல்லாரும் நிமிர்ந்தோம். ஜன்னலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஆனால் அடுப்புக்கு மேலே, கூரையும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், அழகுக்காக அடித்த அலுமினியப் பட்டைக்கு அடியிலிருந்து வரிசையாகப் புகை. ஏழெட்டு ஊதுபத்தி ஏற்றி வைத்த மாதிரி!

பாயசத்துக்கு வந்திருந்த ஆன்சன் ஏணியைத் தூக்கினான். குறி போடக் கையில் எதுவும் இல்லை; பூஜைத் தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்துக்கொண்டு ஏறி, புகை வந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் பொட்டு வைத்தான்.

"வெள்ளம் இங்க கேறி, சுவருக்க உள்ளுகூடி ஓடி, ஜன்னலு கிட்ட சாடுது அக்கா. எனக்கு அப்பவே ஒரு சம்சயம்."

"எப்போடா? ஜன்னல் ஜன்னல்னு உயிரை வாங்கினியே!"

"அது... ஜன்னலுக்க வழியாத்தானே வருது?"

மங்கலம் மாமி மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், ஒழுகலைக் கண்டுபிடித்தது அவள்தான் என்று. சொல்லட்டும். உண்மையும் அதுதானே.

அக்டோபர் 17

பட்டையைப் பிரித்து, ஓட்டைகளை அடைத்து, மேலே புதுத் தகடு. ராத்திரி நல்ல மழை. காலையில் போய் அடுப்பிலிருந்து படுக்கைவரை சுவரைத் தடவினேன். கையைப் பஞ்சுவிடம் நீட்டினேன். அவரும் தொட்டுப் பார்த்தார், கையை, சுவரை, மறுபடி கையை.

பிறகு என் எதிரிலேயே போனை எடுத்தார். "ஆக்ரி சேட்டா... இல்லா, கொடுக்குன்னில்லா. வைஃபினு வேணம்." கொடுப்பதாக இல்லையாம், பெண்டாட்டிக்கு வேண்டுமாம்.

அக்டோபர் 23

திருநெல்வேலி அத்திம்பேர் போன். "சுப்பு, வழக்கம்போல நாளைக்கழிச்சு வரோம். இந்தத் தடவை சம்பந்தியும் வரா."

"பேஷா வாங்கோ. சாவி மங்கலம் மாமிகிட்ட இருக்கும்."

"நீங்க?"

"நாங்க ஊர்ல இல்லே."

"அப்போ... காபி?"

"பொடி ரெண்டாவது தட்டுல இருக்கு, அத்திம்பேர்."

"அதை யார் போடறது?"

"ஏன், நீங்கதான் நன்னா ருசி சொல்லுவேளே!"

அக்டோபர் 26, பொன்முடி

ஓட்டியது நான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தது பஞ்சு. ஆன்சனின் மச்சான் வேலை பார்க்கிற தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டி ஒரு மேட்டில் நிறுத்திக்கொள்ள அனுமதி.

படுத்ததிலிருந்து விடிகிறவரை மழை. கூரையில் கொட்டுவதைக் கேட்டேன், கேட்டபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். பஞ்சு கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அட, உள்ள சொட்டே இல்லையே. ராத்திரி மழையே பெய்யல்லே போலிருக்கு சுப்பு" என்று இறங்கினார்.

சக்கரம் பதிந்த பள்ளத்தில், கணுக்கால்வரை தண்ணீரில்.

அக்டோபர் 27

இன்று இறங்குவதாக இருந்தது. இன்னும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.