பெட்டியில் மீதி ஒரு இடம்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட ஒரு படி நன்றாக இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா, இல்லை நின்றுவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு அங்கே இருமிக்கொண்டிருக்கிறாயா. போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

முதலில் விமானச் செய்தி, வீட்டில் வேறு செய்தியே கிடையாது. ஷெட்டில் உன் அப்பா தன் கையாலேயே கட்டுகிற இரண்டு சீட் விமானத்துக்கு இறக்கை இரண்டும் மாட்டியாகிவிட்டது, இஞ்சினும் உட்கார்ந்துவிட்டது. இப்போது இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் திரையில் காட்டுகிற பெட்டிக்கு சென்சார் பொறுக்குகிற வேலை. பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை. நாலு சிலிண்டருக்கும் சூடு பார்க்க ஒவ்வொன்று, நாலு புகைக்குழாயிலும் துளை போட்டு உள்ளே செருக ஒவ்வொன்று, பெட்ரோல் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஒன்று, ஆயிலுக்கு இரண்டு. அதில் ஆயில் அழுத்தம் பார்ப்பதை இஞ்சின் மேலேயே வைத்தால் அதிர்வில் கழுத்து முறிந்துவிடும் என்று, குழாய் இழுத்துப் பின்னால் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கிறார். ஒயர் பற்றவைப்பதெல்லாம் நான்தான், ரேடியோ ரிப்பேர் கடையில் பழகிய கை இன்னும் நடுங்கவில்லை. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார், நான் இறக்கி விடுவேன், இப்படித்தான் வேலை நடக்கிறது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி. போன மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். காய்ச்சல் போனபோது வாசனை தெரிகிற சக்தியும் கூடவே போய்விட்டதைச் சொல்லவில்லை. அவர் என்னிடமே சொல்லவில்லையே. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறுகிறது, பக்கத்திலேயே நின்று பேப்பர் படிக்கிறார், அன்றுதான் எனக்கு உறைத்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுகிறார். லாரி ஒர்க்ஷாப்பில் இருந்த காலம் முழுக்க, வண்டியை மோந்து பார்த்தே என்ன கோளாறு என்று சொன்னவர், அவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் போன வாரம் இஞ்சினைத் தரையில் வைத்தே ஓட்டிப் பார்த்தபோது, புகைக்குழாயில் சென்சார் செருகிய இடத்தில் ஒரு கிளாம்ப் சரியாக இறுகவில்லை. ஷெட் வாசலில் நிற்கிற எனக்கே புகை நெடி தொண்டையைப் பிடித்தது, அவர் விமானக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். திரையில் எல்லாம் பச்சை. நான் கையையும் காலையும் ஆட்டித்தான் நிறுத்த வைத்தேன். சாயங்காலம் வரை தலைவலி என்று படுத்துக் கிடந்தார், கேட்டால் வெயில் என்றார், அன்றைக்கு வெயிலே இல்லை. மேலே குளிருமென்று அந்தப் புகைக்குழாயைச் சுற்றி வருகிற சூட்டுக் காற்றைத்தான் உள்ளே விடப்போகிறார், குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் புகையும் சேர்ந்து வரும். அங்கே கையைக் காலை ஆட்ட யார் இருக்கிறார்கள், நீயே சொல்.

பெட்டியில் இன்னும் ஒரே ஒரு சென்சாருக்குத்தான் இடம் இருக்கிறது. விஷப்புகை வந்தால் சிவப்பு விளக்குப் போட்டுக் கத்துகிற சென்சார் இருக்கிறதே, அதை மாட்டுங்கள் என்றேன். வெளிக்காற்று எவ்வளவு குளிர் என்று காட்டுவதைத்தான் மாட்டுவாராம். குளிர் தெரிய வேண்டுமானால் கையை வெளியே நீட்டுங்களேன் என்றேன். பாட்டரியில் ஓடுகிற சின்னதாவது வாங்கி ஒட்டுங்கள் என்று கெஞ்சினேன், அதெல்லாம் மூக்கு செத்தவன் வாங்குறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் மேல் கோபமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. லீவில் வரும்போது உன்னை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார் இல்லையா, அந்தச் சென்சார் இல்லாவிட்டால் நான் ஏற மாட்டேன் என்று மட்டும் எழுது. உனக்காக என்றால் மறுபேச்சு பேச மாட்டார், அவருடைய மானமும் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் இஞ்சினைப் போடுகிற நேரமாகப் பார்த்து டீ கொண்டுவா என்று ஷெட்டுக்குக் கூப்பிடுகிறார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். இந்த வயதில் என்ன புது ஆசை என்று முதலில் நினைத்தேன். ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்க வாய் வராமல்தான் பார்க்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. நேற்று விமானத்தைச் சோதித்துப் பார்க்க வந்த அதிகாரி போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார், முதல் தடவை பறக்கிறப்ப ஏதாவது வேலை இருக்கிறவங்கதான் ரெண்டாவது சீட்ல உட்காரலாம், உங்களுக்கு வேலை இருக்குன்னு சார் சொல்றார், என்ன வேலைன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கிறார் என்று. நான் சிரித்து வைத்தேன். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றவே எனக்கு முழங்கால் உதறும் என்பது உனக்குத் தெரியும். இன்று காலை சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, விமானத்துக்கு எடைக் கணக்குப் போடணும், நீ எவ்வளவு இருப்பே என்று கேட்டார். யார் கேட்டாலும் நாலு கிலோ குறைத்துத்தான் சொல்வேன். இன்று உள்ளதை அப்படியே சொன்னேன்.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நெடுநாள் நன்றாக இருங்கள். இருமலுக்கு டாக்டரைப் பார். அப்பாவுக்கு எழுத மறந்துவிடாதே, நான் ஏறுவதற்கு முன்னால் உன் கடிதம் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா