நாலு மணி நேரத் தூரம்

அக்கா,

சென்னைக்குப் பயணம் நான்கு மணி நேரம் என்று இப்போதுதான் விமானத்தில் அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தை நம் ஊர் நேரத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் முதன்முதலாகத் துபாய்க்குக் கிளம்பிய அன்று, "எவ்ளோ தூரம்டா அது?" என்று கேட்டாய். மூவாயிரம் கிலோமீட்டர் பக்கம் வரும். சொன்னால் அழுவாய் என்று, "நாலு மணி நேரந்தான்க்கா" என்றேன். உன் முகம் தெளிந்துவிட்டது. "அவ்ளோதானா? நம்ம வூட்லருந்து வேலூரு போயி சேர்றதுக்கே அவ்ளோ ஆவுமே" என்று வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய்.

அப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் விமானம் ஏறுமுன் உன்னைக் கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்று மாமா போனை அங்கேயே கிளையில் தொங்கவிட்டிருப்பார். "ஏறிட்டியா? சரி, சோறு வச்சிட்றேன்" என்பாய். சாமை அரிசியை அப்போதே உலையில் போடுவாய். நான் சென்னையில் இறங்கி, பெட்டிக்குக் காத்து நின்று, போளூர் வந்து, ஜமுனாமரத்தூர் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததில் மலையேறி, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து வீடு சேர மறுநாள் ஆகிவிடும். சோறு ஆறிப்போய், நீ தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாய்.

"பிளேனு லேட்டாடா?"

"ஆமாக்கா, லேட்டு."

பதினோரு வருஷம் இதையே சொன்னேன். தூரம் தெரிந்தால் நீ கவலைப்படுவாய் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

போன ஆடியில் நீ படுத்த படுக்கையாகிவிட்டாய். என்னைக் கூப்பிடட்டுமா என்று மாமா மூன்று நாளும் உன்னைக் கேட்டிருக்கிறார். நீ விடவில்லையாம். "இன்னாத்துக்கு இப்பவே அவன் லீவக் கெடுக்கணும்? நாலு மணி நேரத்துல வந்துட்றவன்தான. ரொம்ப முடியலன்னா கூப்ட்டுக்கலாம்."

நாலாம் நாள் காலையில்தான் மாமா கூப்பிட்டார். கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன். மத்தியானமே உன் மூச்சு நின்றுவிட்டது. "பிளேனு ஏறிட்டான், வந்துட்டே இருக்கான்" என்று மாமா பொழுது சாயும்வரை உன்னைத் தூக்கவிடவில்லை. பொழுது இறங்கிவிட்டால் நம் ஊரில் அடக்கம் செய்ய மாட்டார்களே, அதனால் வெளிச்சம் மறையுமுன் எடுத்துவிட்டார்கள். மறுநாள் நான் வந்து பார்த்தபோது உன்மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது.

மாமா என்னைத் திட்டவில்லை. "இன்னா மச்சான், பிளேனு லேட்டா?" என்று மட்டும் கேட்டார். பாவி நான், அவரிடமும் தலையை ஆட்டினேன்.

இப்போது உன் வருஷ திதிக்கு வந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் உன் மகள் போனில், "மாமா, கெளம்பினா எவ்ளோ நேரத்துல வந்து சேருவீங்க?" என்று கேட்டாள். இந்த முறை மறைக்கவில்லை. ஒரு முழு நாள் ஆகும், பஸ் கிடைக்காவிட்டால் அதற்கு மேலும் ஆகும் என்றேன்.

"அம்மாக்கு அது தெரியாதா மாமா?"

"தெரியாதும்மா. நான் சொல்லல."

"தெரிஞ்சிருந்தா மொத நாளே கூப்ட்டிருக்கும். நீங்களும் வந்து பாத்திருப்பீங்க இல்ல?"

"பாத்திருப்பேன்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் வருகிறேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், அக்கா?